பாறை படித்தவரும் கலை படித்தவரும்

பேச்சிப்பாறையில் ஒரு பிள்ளை, கலைத் தத்துவமும் அருங்காட்சியகப் பணியும் சேர்ந்த முதுகலை படிக்கப்போவதாகச் சொன்னால், ரப்பர் பால் வெட்டும் மாமா ஒன்றுதான் கேட்பார்: “அதுக்கு வேல கெடைக்குமா மக்களே?”

நியாயமான கேள்வி. கிடைத்தவர் ஒருவர் உண்டு. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி படித்தது நிலவியல். பாறையை ஆராய்ந்தவர் 1917-இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவுக்குப் பொறுப்பாளரானார். அங்கே சம்பளம் வாங்கிக்கொண்டே, ‘கலைப்பொருள்களை எதற்குக் காட்சிக்கு வைக்க வேண்டும்?’ என்று நூலும் எழுதினார். புழங்குவதற்கும் கும்பிடுவதற்கும் செய்ததைக் கண்ணாடிக்குள் பூட்டுகிறோமே என்பது அவர் மனத்தாங்கல். அப்படியும் வேலை போகவில்லை. 1947-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். இன்றைக்கு விண்ணப்பித்தால், ‘நிலவியல் பட்டம் பொருந்தாது’ என்று முதல் சுற்றிலேயே கழித்துவிடுவார்கள்.

செய்முறைப் பாடத்துக்கு நம் பிள்ளை பாஸ்டன் போக வேண்டாம். பேச்சிப்பாறை இருக்கும் அதே மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில். பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. ‘கலைச்செல்வம் யாருக்குச் சொந்தம்?’ என்ற தாளுக்கு அங்கே போய் நின்றாலே பதினைந்து மதிப்பெண் நிச்சயம். திங்கட்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், விடுமுறை.