கண்ட்ரோல் ஔ

திருச்செந்தூர் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு டிடிபி கடை. முகூர்த்த நாள் நெருங்கினால் அண்ணாச்சிக்கு மூச்சுவிட நேரமிருக்காது. இடது சுண்டுவிரல் கண்ட்ரோல் பட்டனிலேயே குடியிருக்கும். மவுஸ், ப்ரூஃப் தாள் பறக்காமலிருக்க வைத்த கல்.

வெட்டி ஒட்டும் வித்தையை 1970களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லரும் கூட்டாளிகளும் உருவாக்கினார்கள். தமிழ் அவர்கள் கனவிலும் வந்திருக்காது. ஆனால் 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை இன்றைய கண்ட்ரோல் குறுக்குவழிகளின்மேல் வைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் ‘ஏ’ பட்டனில் அ: அனைத்தும். காப்பிக்கான ‘சி’யில் ஒ: ஒற்று. பேஸ்டுக்கான ‘வி’யில் வ: வை. செந்திலாண்டவன் செயல் என்றே நம்பிவிட்டேன். செய்ததை ரத்துசெய்யும் ‘இசட்’டில் என்ன தெரியுமா? ஔ. சுட்ட பழமா, சுடாத பழமா என்று கேட்டவனால் பாட்டியை மறக்க முடியுமா!

அச்சடிக்கும் ‘பி’யில்தான் கணக்கு உதைக்கிறது. அங்கே ண. அந்த எழுத்தில் தொடங்கும் தமிழ்ச் சொல்லே கிடையாது.

“அண்ணாச்சி, தாய்மாமன் பேரு விட்டுப்போச்சே!”

அண்ணாச்சி பதறிப்போய் கண்ட்ரோல் ஔவை நான்கு தடவை தட்டினார். மேசையில் கட்டிவைத்த நானூறு பத்திரிகையும் அப்படியே இருந்தன.