சர்வர் அணைக்கும் வரிசை: நீலகிரிச் சான்றுகளுடன் ஓர் ஆராய்ச்சி

சர்வரை அணைக்கும் முறையை ஆராயப் புகுவோர் முதலில் நீலகிரி ஏற வேண்டும். 1932-இல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கியது இம்மலையில்தான்; மோயாறும் குந்தாவும் பின்னால் வந்தவை. ஆயினும் ஆடிக்காற்றில் ஒரு கற்பூர மரம் கம்பிமேல் சாய்ந்துவிட்டால், மின்சாரத்தைப் பெற்ற ஊரே மெழுகுவத்தி தேடும். மேலே பஞ்சமில்லை. 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டியைக் கடந்த இடிமேகத்துக்குள் சுமார் 130 கோடி வோல்ட் இருந்ததென, வானிலிருந்து வரும் மியூவான் துகள்கள் குறைந்ததை வைத்து இங்குள்ள கிரேப்ஸ்-3 கருவி காட்டிற்று. கீழே நம் சர்வர் கேட்பது 230. அதுதான் கிடைப்பதில்லை.

நிற்க. அணைப்போருள் பிடுங்கியர் என்றொரு வகையினர் உளர். ஒயரை இழுத்தால் தீர்ந்தது என்பது இவர்கள் கொள்கை. ரேக் சர்வருக்குப் பெரும்பாலும் பவர் சப்ளை இரண்டு. ஒன்றைப் பிடுங்கினால் ஒரு விளக்கு நிறம் மாறும்; சர்வர் பாட்டுக்கு ஓடும். பிடுங்கியர் சினந்து அடுத்த ஒயரை இழுப்பார். அது பக்கத்து சர்வருடையது. ரேக்கின் பின்புறம் எல்லா ஒயரும் கறுப்பு. முன்னால் நின்று ஒன்றைத் தேர்ந்து, பின்னால் போய் வேறொன்றைப் பிடுங்குவது மனித இயல்பு என்று அறிந்த எவரோதான், பொத்தானை அமுக்கினால் இருபுறமும் எரியும் நீல விளக்கை வைத்திருக்க வேண்டும். அவர் வாழ்க.

அமுக்கியர் சற்று நாகரிகமானவர். பவர் பொத்தானைத் தொட்டு விட்டால் அது வேண்டுகோள். நான்கு விநாடிக்கு மேல் அமுக்கிப் பிடித்தால் கொலை. நினைவகத்தில் இருந்து வட்டுக்கு இன்னும் போய்ச் சேராத கணக்கெல்லாம் அந்த விநாடியோடு போயிற்று.

முறை யாதோ எனின், தேயிலைத் தொழிற்சாலையில் பாருங்கள். சிடிசி மெஷினை நிறுத்துபவர் முதலில் இலை போடுவதை நிறுத்துவார். உள்ளே போனது வெளியே வந்தபின்தான் சுவிட்சைத் தொடுவார். அவ்வாறே, முதலில் பயன்படுத்துவோருக்குச் சொல்லி வெளியேற்றுக. பிறகு மென்பொருள், தரவுத்தளம், சர்வர். அவற்றுக்கும் பின்னரே ஸ்டோரேஜ். கடைசியில் நெட்வொர்க் சுவிட்ச், யூபிஎஸ். ஸ்டோரேஜை முந்தி அணைத்தால், சர்வர் எழுத இடமின்றித் திகைக்கும். எழுப்பும்போது இது தலைகீழ்.

அணைந்தபின் உயிரில்லையே எனின், அன்று. இரு ஒயரும் பிடுங்கும்வரை உள்ளே ஒரு சிறு மேற்பார்வைச் சில்லு விழித்தே இருக்கும். மூடியைத் திறக்குமுன் அதையும் உறங்கவிட வேண்டும்.

மலைக்கென ஒரு புறனடை உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்று மெலிந்தது. 35 டிகிரி வரை தாங்கும் சர்வருக்கு 900 மீட்டருக்கு மேல் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி கழிப்பது வழக்கம். ஊட்டிக் கணக்கு முப்பதரை. மலையில் ஏசி எதற்கென்று ஜன்னலைத் திறப்பார்கள். வெப்பம் வெளியேறும், பனிமூட்டம் உள்ளே வரும். ஓடும் சர்வர் தன் சூட்டிலேயே காய்ந்து கிடக்கும். அணைத்துக் குளிர்ந்ததன் மேல் ஈரம் படியக்கூடும். துடைத்து உலர்ந்தபின் எழுப்புக.

மின்சாரம் போனால் அணைக்கும் வேலையை ஆள் இல்லாமலே செய்யவைக்க ஒரு கேபிள் உண்டு. பேட்டரி தீரப்போகிறதென்று யூபிஎஸ் அதன் வழியே சர்வருக்குச் சொல்லும். அது பெரும்பாலும் பாலித்தீன் உறை பிரியாமல் யூபிஎஸ் மேலேயே கிடக்கும். அதை மாட்டுவது எலக்ட்ரீஷியன் வேலையா, கம்ப்யூட்டர்காரர் வேலையா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு நிலவுகிறது.