மூஞ்சை நீட்டல்: கணினிக் குடும்பம் ஒன்றையும் கோண்டாவில் குடும்பம் ஒன்றையும் முன்வைத்து ஓர் ஒப்பியல் ஆய்வு

மூஞ்சை நீட்டல் என்பது யாதெனில், பதின்மூன்று வயதுக்கு மேற்பட்டு இருபதுக்கு உட்பட்ட ஒருவர், தமக்கு மனம் சரியில்லை என்பது வீட்டார் எல்லோருக்கும் தெரியும்படியும், ஏன் சரியில்லை என்பது ஒருவருக்கும் தெரியாதபடியும் முகத்தை வைத்திருத்தல். எங்கள் தாய்வழியார் மூஞ்சை நீளும் என்பர். தந்தைவழியார் முகம் தூக்கும் என்பர். இரு கட்சிக்கும் மூஞ்சை ஒன்றே என்பதால் இப்பாடபேதத்தை இவ்வாய்வு பெரிதுபடுத்தவில்லை.

ஆய்வுக் களங்கள் இரண்டு. ஒன்று, ‘த சிம்ஸ்’ எனப்படும் கணினி விளையாட்டு. வீடு கட்டி, ஆட்களைக் குடிவைத்து, சமைப்பித்து, குளிப்பாட்டி, வேலைக்கு அனுப்பி, பிள்ளை வளர்ப்பதே அதில் வேலை. வெல்லுவதும் இல்லை, தோற்பதும் இல்லை. மற்றது, கோண்டாவிலில் உள்ள எங்கள் வீடு. அங்கும் அப்படியே. முதற் களத்தில் மூஞ்சை நீட்டும் பாத்திரத்தை வளர்ப்பவள் என் மகள். இரண்டாவது களத்தில் மூஞ்சை நீட்டும் பாத்திரமே அவள்தான். ஆய்வாளனுக்கும் ஆய்வுப் பொருளுக்கும் இடையில் தகுந்த தூரம் வேண்டும் என்பது ஆய்வு நெறி. அதை எங்கள் வீட்டில் ஓர் அறைக்கதவு கவனித்துக்கொள்கிறது.

முன்னோர் இதுபற்றி என்ன சொன்னார்கள் என்று பார்த்தால் ஏமாற்றம்தான். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் காப்பில் தொடங்கிப் பத்துப் பருவம் பாடினார்கள். செங்கீரை ஆடியது, சப்பாணி கொட்டியது, அம்புலியைக் கூப்பிட்டது, சிறுதேர் உருட்டியது எல்லாம் வந்தன. தேர் உருட்டிய பிள்ளை கதவைச் சாத்திக்கொள்ளும் பதினோராம் பருவம் வருவதற்குள் புலவர் ஏட்டைக் கட்டிவிட்டார். உலா இலக்கியத்தில் பதினான்கு முதல் பத்தொன்பது வயது வரையிலான மடந்தை இருக்கிறாள். அவளும் உண்ணாமல் உறங்காமல் மூஞ்சையை நீட்டுகிறாள்தான். ஆனால் அவளுடைய காரணம் யானைமேல் ஏறி வீதியில் பவனி போகிறது. கண்டுபிடிப்பதற்கு ஆய்வாளன் தேவையில்லை. தொல்காப்பியர் ஒருவரே விஷயம் தெரிந்தவர். மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளுக்கும் நந்நான்கு நிலைக்களன் சொன்ன அவர், இளமையைக் கொண்டுபோய் வெகுளியிலோ அழுகையிலோ வைக்கவில்லை. நகையில் வைத்தார். அவர் வீட்டிலும் ஒன்று வளர்ந்திருக்கவேண்டும் என்பது என் ஊகம்.

கணினியார் கதையும் இதுவே. 2000 பெப்ரவரியில் மக்சிஸ் நிறுவனத்தின் வில் ரைட் வடிவமைத்து வெளிவந்த முதல் ‘சிம்ஸ்’ விளையாட்டில் குழந்தை உண்டு, சிறுபிள்ளை உண்டு, பெரியவர் உண்டு. இளவட்டம் என்ற இனமே கிடையாது. சிறுபிள்ளை எத்தனை வருடம் விளையாடினாலும் சிறுபிள்ளைதான். பள்ளிக்கூடத்தில் புள்ளி குறைந்தால் மட்டும் அதை இராணுவப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள், திரும்பி வராது. (பாதை திறந்தபிறகு கொழும்பிலிருந்து வந்த கொப்பி சீடியில் இதை முதன்முதல் விளையாடிய எங்களுக்கு அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை.) 2004 செப்ரெம்பரில் வந்த இரண்டாம் பதிப்பில்தான் இளவட்டங்கள் சேர்க்கப்பட்டார்கள். சேர்த்தவர்கள் முன்யோசனைக்காரர். விளையாட்டில் ஒரு நிமிடம் என்பது எங்களுக்கு ஒரு செக்கன்; ஒரு நாள் இருபத்துநான்கு நிமிடம். இளமைப் பருவம் பதினைந்து நாளோடு முடிகிறது. கணக்குப் பார்த்தால் ஆறு மணித்தியாலம். யாழ்ப்பாணத்தில் இரவு வெளிக்கிடும் கொழும்பு பஸ் போய்ச் சேருவதற்குள் ஒரு பிள்ளையின் முழு மூஞ்சை நீட்டலும் தீர்ந்து, அது பெரிய ஆளாகிவிடும். இந்த ஏற்பாட்டை எங்கள் கல்வித் திணைக்களம் பரிசீலிக்கலாம்.

ஆய்வுக்கு வளமான பதிப்பு 2014இல் வந்த நான்காவது. இதில் ஒவ்வொருவருக்கும் மனநிலை உண்டு, நிறமும் உண்டு. கோபம் என்றால் சிவப்பு, துக்கம் நீலம், மகிழ்ச்சி பச்சை. நிறத்துக்குப் பக்கத்தில் சிறு சீட்டுகள் வரிசையாக நிற்கும். அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் வைத்தால் என்ன காரணத்தால் இந்த மனநிலை, இன்னும் எத்தனை மணித்தியாலத்துக்கு இருக்கும் என்று எழுதிக் காட்டும். நான் இதை முதன்முதல் கண்டபோது கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டேன். காரணமும் காலாவதித் திகதியும்! மருந்துப் போத்தலில் இருப்பதுபோல!

இரண்டாவது களத்தில் கிடைக்கும் தரவு பின்வருமாறு.

“ஏன் பிள்ளை ஒரு மாதிரி இருக்கிறாய்?”

“ஒண்டுமில்லை.”

“சாப்பிடன்.”

“பசிக்கேல்லை.”

“பள்ளிக்கூடத்தில ஆரும் ஏதும் சொன்னவையோ?”

“ஐயோ, விடுங்கோ அப்பா.”

இந்த உரையாடலை வேறுவேறு கிழமைகளில், வேறுவேறு கறிகளோடு, பலமுறை நிகழ்த்திப் பார்த்தேன். முடிவு மாறவில்லை. ஒருமுறை இடையில் என் தாயார் புகுந்து, “அவளுக்குக் கண்ணூறு” என்றார். ஓ எல் சோதனைக்கு இன்னும் மூன்று மாதம் என்பதையும், காலை ஐந்தரைக்கு ஒரு ரியூசன், பள்ளிக்கூடம் விட்டு இன்னொரு ரியூசன் என்பதையும், நான் முதல்நாள் பெரியம்மாவின் மகளுடைய ஒன்பது ஏயைப் பற்றி இரண்டு தரம் சொன்னதையும் ஒருவரும் காரணமாகக் கொள்ளவில்லை. கண்ணூறுக்கு மிளகாய் சுற்றி எரித்தோம். மூவரும் தும்மினோம்.

நான்காம் பதிப்பின் அடிப்படை விளையாட்டு 2022 ஒக்ரோபரிலிருந்து இலவசம். நற்குணங்கள் இலவசமில்லை. பிள்ளை வளர்ப்புக்கென்று 2017 மே மாதம் தனியாக ஒரு பொதி வந்தது. மரியாதை, பொறுப்பு, பரிவு, பிணக்குத் தீர்த்தல், உணர்ச்சிக் கட்டுப்பாடு ஆகிய ஐந்து குணங்களையும் பிள்ளைக்கு ஊட்டலாம். விலை இருபது அமெரிக்க டொலர். குணம் ஒன்றுக்கு நாலு டொலர் வீதம். இங்கே பெற்றோரால் கட்டுப்படியாகாத எதையும் போல இதையும் கனடாவில் இருக்கும் மாமா வாங்கிக் கொடுத்தார். பிறந்தநாளுக்கு என்ன வேணும் என்று கேட்டவருக்கு, மருமகள் உணர்ச்சிக் கட்டுப்பாட்டைத்தான் வாங்கினாள் என்பது இன்றைக்கும் தெரியாது.

அந்தப் பொதியில் பருவங்களும் உண்டு. சாப்பாட்டில் நொட்டை சொல்லும் பருவம், எல்லோரிடமிருந்தும் விலகி நிற்கும் பருவம், எதற்கும் எதிர்த்து நிற்கும் பருவம், கரடி வேடத்தைக் கழற்றாமல் திரியும் பருவம். எங்கள் களத்தில் கரடியைத் தவிர மற்றதெல்லாம் பதிவாகியுள்ளன, சிலவேளைகளில் ஒரே பின்னேரத்தில். அதே பொதியில், பிள்ளை இன்ன நேரத்துக்குமுன் வீடு திரும்பவேண்டும் என்று பெற்றோர் விதிக்கலாம். அதன் ஆங்கிலச் சொல்லை மகள் எனக்குத் தமிழில் விளங்கப்படுத்தினாள்: “நான் இவனுக்கு ஊரடங்கு போட்டிருக்கிறன் அப்பா.” கேட்டுக்கொண்டிருந்த என் தாயார் கையிலிருந்த கீரைக்கட்டை வைத்துவிட்டு, “எத்தினை மணிமட்டும்?” என்றார். இந்த ஊரில் சில சொற்களை விளையாட்டுக்குச் சொல்வதென்றால் முதலில் கிழவிகளை உள்ளே அனுப்பவேண்டும்.

விளையாட்டில் உணர்ச்சி எல்லை கடந்தால் உயிருக்கும் ஆபத்து. கோபம் முற்றினால் நெஞ்சு வெடித்துச் சாவார்கள். சிரிப்பு முற்றினாலும் சாவு. வெட்கம் முற்றினாலும் சாவு. கடைசியாகச் சொன்னது மிகைப்படுத்தல் என்றுதான் நானும் நினைத்தேன், ரியூசன் வாசலில், அவ்வளவு பிள்ளைகளுக்கும் நடுவில், அவளை நான் “குஞ்சு” என்று கூப்பிட்ட நாள் வரைக்கும். அன்று சைக்கிளை உழக்கிக்கொண்டு எனக்கு முன்னால் போன முதுகைப் பார்த்தபோது வடிவமைப்பாளர்களின் நேர்மை எனக்கு விளங்கியது.

இனி, மூஞ்சை நீட்டலுக்கு வேண்டிய பௌதிகச் சூழல். இத்துறையில் என் பங்களிப்பு ‘ஒற்றை விளக்குக் கோட்பாடு’. 1990களில் குடாநாட்டுக்குக் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் விலை சொல்லக் கூடாது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச எண்ணெயும் திரியுமாக ஒரு விளக்கு. வீட்டுக்கு ஒரு வெளிச்சம். கோபித்துக்கொண்டு அறைக்குள் போனால் இருட்டு, நுளம்பு, படிக்கவும் ஏலாது. ஆகவே அக்காலத்து இளவட்டம் யாரோடு கோபமோ அவருக்கு எதிரே, அதே விளக்கடியில் இருந்துதான் மூஞ்சையை நீட்டவேண்டியிருந்தது. இதனால் நீட்டலின் கால அளவு குறைந்தது. இன்று ஆளுக்கோர் அறை, அறைக்கோர் மின்குமிழ், கைக்கொரு போன். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்கப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்டை வெட்டியபோது எங்கள் வீட்டு நீட்டல் திடீரெனச் சுருங்கியதை நான் கண்ணாரக் கண்டேன். கோட்பாட்டுக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அதற்காக அந்த நாள் திரும்பவேண்டும் என்று எந்த ஆய்வாளனும் கேட்கமாட்டான்.

என் சொந்தச் சாதனை 1995ஆம் ஆண்டுக்குரியது. அப்போது எனக்குப் பதினாறு வயது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வயர் கொழுவி ரேடியோ கேட்ட காலம். சுற்றிச் சுற்றிப் பின் ரயரை டைனமோ தேய்த்துவிட்டது. ரயர் தட்டுப்பாடான பொருள். அப்பா ஏசினார். நான் மூஞ்சையை நீட்டினேன். அடுத்தநாள், ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமம் முழுதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது.

அதே சைக்கிள். காரியரில் ஆச்சி, ஹாண்டிலில் அரிசிப் பை, உடுப்பு மூட்டை. அப்பா ஹாண்டிலைப் பிடிக்க நான் பின்னால் தள்ளினேன். செம்மணி வெளியில் லட்சக்கணக்கான சனம், ஓர் அடி வைக்க ஐந்து நிமிடம் நிற்கவேண்டும், மழை வேறு. அவ்வளவுக்குள்ளும் நான் அப்பாவோடு கதைக்கவில்லை. பக்கத்தில் யாரோ குழந்தையைத் தவறவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கோ ரயர் ஏச்சுத்தான் மனதில் நின்றது. பதினாறு வயது அப்படிப்பட்ட சாமான். நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட வந்ததும் அப்பா திரும்பிப் பார்க்காமலே கேட்டார்:

“தம்பி, பின் ரயருக்குக் காத்து இருக்கோ பார்.”

குனிந்து அமத்திப் பார்த்தேன். “இருக்கு.”

அவ்வளவுதான். பாலத்தைக் கடக்கும்போது நாங்கள் கதைத்துக்கொண்டு போனோம்.

இங்கேதான் இரு களங்களும் பிரிகின்றன. கணினி வீட்டில் கோபம் தீர வழிகள் பட்டியலாக வரும். கண்ணாடி முன் நின்று தன்னைத் தானே ஆற்றலாம். போர்வைக்குள் புகுந்து அழலாம். துக்கத்தைச் சொல்வதற்கென்றே ஒரு தொலைபேசி இலக்கம் உண்டு. மன்னிப்பும் கேட்கலாம், அதற்கொரு வரி இருக்கிறது, அழுத்தினால் போதும். எங்கள் பட்டியலில் அந்த வரி இல்லை. என் அறிவுக்கெட்டியவரை கோண்டாவிலில் தகப்பன் பிள்ளையிடமோ பிள்ளை தகப்பனிடமோ மன்னிப்புக் கேட்டதற்குச் சான்று கிடையாது. அதன் வேலையைச் செய்வது ஒரு வினா, அதுவும் ஏதாவது பொருளைப் பற்றிய வினா. கத்தரிக்கோல் எங்கே? மோட்டர் போட்டாச்சோ? புட்டுக்குச் சம்பல் காணுமோ? இவ்வகையை இவ்வாய்வு ‘பொருள்வினா’ எனப் பெயரிடுகிறது. விடை தெரிந்திருந்தும் கேட்பது இதன் இலக்கணம். கத்தரிக்கோல் கேட்பவரின் கையிலேயே இருந்த சந்தர்ப்பமும் உண்டு. விடையும் ஒரு சொல்லுக்கு மேற்படலாகாது. “ஏன் கேக்கிறியள்?” என்று வந்தால் நீட்டல் இன்னும் முடியவில்லை என்று கொள்க.

வில் ரைட் 1991இல் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் மூண்ட பெருந்தீயில் வீட்டை இழந்தவர். எல்லாவற்றையும் முதலிலிருந்து வாங்கவேண்டி வந்தபோது ஒரு வீட்டுக்கு உண்மையில் என்னென்ன வேண்டும் என்று யோசித்ததிலிருந்து இந்த விளையாட்டு பிறந்ததாகச் சொல்வார்கள். முதலில் அது வீடு கட்டும் விளையாட்டாகவே இருந்ததாம்; வீடு நல்லதோ என்று சொல்லத்தான் ஆட்களை உள்ளே விட்டார்களாம். எனக்கு இந்தச் செய்தி பிடித்திருக்கிறது. வீடிழந்தவன் கட்டிய வீட்டிலும் ஒரு பிள்ளை கதவைச் சாத்திக்கொள்கிறது.

போன கிழமை மறுபடியும் ரியூசன் விஷயமாக நான் கொஞ்சம் கூடுதலாகக் கத்திவிட்டேன். இரவு கரண்ட் போனது. அறைக்கதவு திறந்தது, மகள் லப்ரொப்பைத் தூக்கிக்கொண்டு வந்து விறாந்தையில் இருந்தாள். ஒன்றும் பேசவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு சமையலறை. மகன்காரன் மேசையில் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு நீல நிறத்தில் இருந்தான். “எவ்வளவு செய்து குடுத்தாலும் இவன் மூஞ்சையை நீட்டிக்கொண்டுதான் திரியிறான்,” என்று அவள் தனக்குத்தானே சொன்னாள், என் தாயாரின் குரலில். குசினி வாசலில் தகப்பன் சிவந்துபோய் நின்றார். மீசை எனக்குப் பழக்கமான மீசை. சேட்டும்தான்.

அவள் அம்புக்குறியை அவர்மேல் கொண்டுபோய் வைத்தாள்.

“இவருக்கு இன்னும் நாலு மணித்தியாலம் கிடக்கு,” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். “உங்களுக்கு?”

நான் முற்றத்தைப் பார்த்தேன். இருட்டில் சைக்கிள் மதிலோடு சாய்ந்து நின்றது.

“காலமை ரியூசனுக்குப் போகோணும். பின் ரயருக்குக் காத்து இருக்கோ?”

“இல்லை,” என்றாள்.

நான் பம்பைத் தேடி எழும்பினேன்.