பெருந்திரைத் தேர்வு: நல்லேப்பிள்ளி வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு எத்தனை இன்ச் மானிட்டர் வாங்க வேண்டும் என்பது பற்றித் தொல்காப்பியர் எதுவும் சொல்லவில்லை. உரையாசிரியர்களும் இவ்விடத்தில் ஒருமுகமாக மௌனம் காக்கிறார்கள். அந்த இடைவெளியை நிரப்பும் கடமை நல்லேப்பிள்ளிக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் உண்டு.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவைச் சேர்ந்த இவ்வூரில் அரசாங்கம் மலையாளத்தில் பேசும். பல வீடுகள் தமிழில் பேசும். பஞ்சாயத்துக்குக் கொடுக்க வேண்டிய விண்ணப்பம் மலையாளத்தில் இருக்கும். அதில் என்ன எழுத வேண்டும் என்று அப்புச்சி சொல்லச் சொல்லப் பேரன் அடித்து வைத்த குறிப்பு தமிழில் இருக்கும். ஆகவே இங்கே திரையில் இரண்டு சாளரங்கள் பக்கம் பக்கமாகத் திறந்தே கிடக்கும். 1920 பிக்சல் அகலமுள்ள சாதாரணத் திரையைப் பாகம் பிரித்தால் மொழிக்கு 960. அந்த அகலத்தில் பல படிவங்களின் வலது ஓரம் மறைந்துவிடும். அனுப்பும் பொத்தான் அந்த ஓரத்தில்தான் இருக்கும். எனவே பெரிய திரை என்பது இவ்வூரில் ஆடம்பரமன்று, மொழிச் சிறுபான்மையினரின் அடிப்படைத் தேவை என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

2. முன்னோர் கொள்கைகள்

இப்பொருளில் ஏற்கெனவே மூன்று கட்சியார் உள்ளனர்.

அகலக் கட்சியார்: “எடுக்கறதே எடுக்கறோம், பெருசா எடுத்துருவோமுங்க” என்னும் ஒற்றைச் சூத்திரத்தை உடையவர்கள். 43 இன்ச்சுக்குக் கீழே இறங்க மாட்டார்கள்.

நுட்பக் கட்சியார்: பெட்டியின்மேல் 4கே என்று அச்சிட்டிருந்தால் போதும் என்பார்கள். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரின் வயதைக் கேட்க மாட்டார்கள். பழைய எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே படம் நொடிக்கு 30 முறைக்கு மேல் புதுப்பிக்கப்படாது. மவுஸ் அம்பு தயங்கித் தயங்கி நகரும்.

சிக்கனக் கட்சியார்: “ஹால்ல டிவி சும்மாத்தானுங்க இருக்குது, அதையே மாட்டிக்கலாமே” என்பவர்கள். இதற்கு இரண்டு மறுப்புகள். தொழில்நுட்ப மறுப்பு: பல டிவிகள் நிற விவரத்தைச் சுருக்கிக்கொள்வதால் வண்ண எழுத்துகளின் ஓரம் கசியும். நடைமுறை மறுப்பு: சாயங்காலம் சீரியல் தொடங்கும். இரண்டாவது மறுப்புக்கு இதுவரை எக்கட்சியாரும் விடை கூறியதில்லை.

3. மூலைவிட்டத் தேற்றம்

திரையை மூலைக்கு மூலை அளக்கும் வழக்கம் வட்டமான பிக்சர் டியூப் காலத்தது. வட்டத்துக்கு விட்டம் சொன்னால் போதும். டியூப் செவ்வகமான பிறகும், பிறகு டியூபே ஒழிந்த பிறகும், விட்டம் மட்டும் ஒழியவில்லை. நல்லேப்பிள்ளியில் தென்னந்தோப்பை யாரும் மூலைக்கு மூலை கயிறு பிடித்து விலை பேசுவதில்லை; சென்ட் கணக்குத்தான். திரையையும் அப்படியே பரப்பளவில் அளந்தால் உண்மை வெளிப்படும்.

வழக்கமான 16:9 வடிவில் 27 இன்ச் திரை ஏறத்தாழ 60 செ.மீ. அகலம், 34 செ.மீ. உயரம்; பரப்பு சுமார் 2000 சதுர செ.மீ. 32 இன்ச் என்பது 71 செ.மீ.க்கு 40 செ.மீ.; பரப்பு சுமார் 2800. ஐந்து இன்ச் கூட்டினால் நாற்பது சதவீதம் கூடுதல் இடம். நீண்டு படுத்திருக்கும் 34 இன்ச் அல்ட்ராவைடு திரையோ 80 செ.மீ.க்கு 33 செ.மீ.; பரப்பு சுமார் 2650 மட்டுமே. ஆகவே 34, 32-ஐ விடச் சிறியது. இத்தேற்றத்தைக் கடைக்காரர் முன் நிறுவ விரும்புவோர் கால்குலேட்டருடன் செல்க.

இனி 16:9 பற்றி. 1980-களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர், அன்று புழக்கத்திலிருந்த பட வடிவங்களை ஒரே பரப்புள்ள செவ்வகங்களாக வரைந்து ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பார்த்து இந்த விகிதத்தைக் கண்டார். அவர் அடுக்கியவை சினிமா, டிவி வடிவங்கள். ரேஷன் கார்டு விண்ணப்பம் அந்த அடுக்கில் இல்லை. அது ஏ4 தாளைப் போல நின்றுகொண்டிருக்கும், திரையோ படுத்துக்கொண்டிருக்கும். திரையை நெட்டுக்குத்தாகத் திருப்ப உதவும் ஸ்டாண்டு உண்டா என்று கேட்டு வாங்குவது நலம்.

4. சுழி ஆய்வு

தெளிவைச் சோதிக்கத் தமிழரிடம் கருவி ஒன்று முன்பே உண்டு: மூணு சுழி ண, ரெண்டு சுழி ன. நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும். 60 செ.மீ. தொலைவில் அது 0.17 மி.மீ. 27 இன்ச்சில் 1920க்கு 1080 எனில் ஒரு பிக்சல் 0.31 மி.மீ.; 2560க்கு 1440 எனில் 0.23, 32 இன்ச்சில் 4கே எனில் 0.18.

முதல் வகையில் எழுத்தைச் சிறிதாக்கினால் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டும். ‘பணம்’ ‘பனம்’ போலத் தெரியும். பனம் அனுப்பச் சொல்லி மகனிடமிருந்து கடிதம் வந்தால் பெற்றோர் நுங்கு அனுப்பிவிடக்கூடும். மலையாளத்துக்கும் இதே கதி. 1971-ல் தட்டச்சு வசதிக்காகக் கேரள அரசு பிரித்துவைத்த கூட்டெழுத்துகளைப் பழைய லிபி எழுத்துருக்கள் மீண்டும் சேர்த்துவைக்கின்றன; சேர்ந்தவை நெருக்கத்தில் அடைத்துக்கொள்கின்றன. 1440 வகையில் இருமொழிச் சுழிகளும் மூச்சுவிடும். பாகம் பிரித்தால் மொழிக்கு 1280 பிக்சல் கிடைக்கும், பொத்தானும் அகப்படும்.

5. ஒளியும் இடியும்

ஓட்டு வீட்டில் வெளிச்சத்துக்காகக் கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள். பாலக்காட்டின் உச்சிக்கு நேராகச் சூரியன் வருவது ஆண்டுக்கு இருமுறை: விஷு முடிந்த சில நாட்களில் ஒருமுறை, ஆகஸ்ட் கடைசியில் மறுமுறை. அந்த நண்பகல்களில் வெளிச்சச் சதுரம் ஓட்டுக்கு நேர் கீழே விழும். கம்ப்யூட்டரும் அங்கேயே இருந்தால், வீட்டு மானிட்டர்களின் 250 முதல் 350 நிட் ஒளிக்கும் சூரியனுக்கும் போட்டி நடக்கும். முடிவை முன்கூட்டியே அறிவிக்கலாம். பளபளக்கும் திரையைத் தவிர்த்து மேட் திரையை எடுக்க. ஜன்னல் பக்கவாட்டில் அமைய வைக்க. துலாவர்ஷ இடி தொடங்கினால் பிளக்கை மட்டுமன்றி நெட் ஒயரையும் பிடுங்குக.

6. எல்லையியல்

மானிட்டர் கோயம்புத்தூர் காந்திபுரத்திலிருந்து வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை வழியாகவும் வரலாம், பாலக்காட்டிலிருந்தும் வரலாம். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததோடு வணிகவரிச் சோதனைச்சாவடிகள் போயின; எல்லைக்கு இருபுறமும் வரி ஒன்றே. ஆனால் எல்லை ஒழிந்ததாகக் கருத வேண்டாம், அது மானிட்டருக்குள் குடிபுகுந்தது. 2019 ஜனவரி முதல் 32 இன்ச் வரை 18 சதவீதம், ஒரு இன்ச் தாண்டினாலும் 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22-ல் இந்த எல்லையும் அழிந்து எல்லா அளவும் 18 ஆனது. அகலக் கட்சியார் இதைத் தங்கள் கொள்கையின் வெற்றியாகக் கொண்டாடுகின்றனர். பஸ் கண்டக்டர் பார்வையில் எல்லை இன்னும் அழியவில்லை. 43 இன்ச் பெட்டி அவருக்கு லக்கேஜே தவிர கருத்தியல் அல்ல.

7. முடிபு

இதுவரை கண், மொழி, சூரியன், அரசு எனப் பல தரப்பையும் கேட்டோம். தீர்ப்பு சொல்லும் உரிமை இவற்றுள் எதற்கும் இல்லை. அது டேபிளுக்கு உரியது. டியூப் மானிட்டர் காலத்தில் வாங்கிய அந்தக் கம்ப்யூட்டர் டேபிளுக்கு மேலே பிரிண்டர் தட்டு, இருபுறமும் பலகை, கீழே கீபோர்டு இழுப்பறை. நடுவிலுள்ள பொந்துக்குள் நுழைவதே பெரிய திரை; நுழையாதது எத்தனை இன்ச்சானாலும் செய்தி மட்டுமே. நுழைந்தாலும் ஆழம் போதாது. ஸ்டாண்டு பாதி ஆழத்தைத் தின்றுவிட, திரை மூக்குக்கு அருகில் வந்து நிற்கும். 60 செ.மீ. தொலைவில் 43 இன்ச் திரை 77 பாகை அகலத்தை அடைக்கும். மலையாளத்திலிருந்து தமிழுக்கு வர ஒவ்வொரு முறையும் கழுத்தைத் திருப்ப வேண்டும்; இது மொழிப்பற்று ஆகாது, கழுத்துவலி ஆகும்.

ஆகவே: டேப்பை எடுத்து முதலில் டேபிளை அளக்க. பொந்து இடம் கொடுத்தால் 27 இன்ச், 1440. திறந்த மேசையும் கை நீட்டும் தூரமும் இருந்தால் 32 இன்ச், 4கே. அதற்கு மேல் வேண்டுவோர் சீரியல் பார்ப்பவர்களோடு உடன்படிக்கை செய்துகொள்க.

8. மேலாய்வுக்குரிய களம்

மானிட்டர் வந்த அட்டைப்பெட்டியையும் தெர்மாகோலையும் வாரண்டி முடியும்வரை எறியக் கூடாது என்பது எல்லா வீடுகளிலும் ஒப்புக்கொள்ளப்பட்ட விதி. முடிந்த பிறகும் எறிவதில்லை என்பது வழக்கு. பரணில் முந்தைய மானிட்டரின் பெட்டி இருக்கும். அதற்குள் அதற்கு முந்தைய கீபோர்டு இருக்கும். எனவே டேபிளை அளந்த கையோடு பரணையும் அளந்துகொள்வது நலம். அதற்கான சூத்திரம் தனி ஆய்வாக வெளிவரும்.