காடிக்குக் காடி

காஜாங்கில் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் அவர் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கைலியை முட்டிக்குமேல் தூக்கிக் கட்டிக்கொண்டு, காடியின் பானட்டில் கன்னத்தை ஒட்டவைத்து, ஒற்றைக் கண்ணை மூடியபடி நிற்பார். புதிதாகக் குடிவந்தவர்கள் காடிக்கு முத்தம் கொடுக்கிறார் என்று நினைப்பார்கள். முத்தம் எல்லாம் இல்லை. தண்ணீர்ப் பொட்டுத் தேடுகிறார். சாய்ந்த வெளிச்சத்தில்தான் அது தெரியுமாம்.

பொட்டு அங்கிள் என்றே வைத்துக்கொள்வோம். தாமானுக்குத் தாமான் பெயர்தான் மாறும், ஆள் மாறுவதில்லை.

அவருக்கு ஜென்மப் பகை நம் ஊர் மழை. நாலு மணிக்கு அடித்துக் கொட்டும், நாலரைக்கு நிற்கும், ஐந்துக்கு ஒன்றுமே நடக்காததுபோல வெயில் சுள்ளென்று அடிக்கும். பானட்டில் நிற்கும் துளியில் தண்ணீர் மட்டும்தான் ஆவியாகும். அதில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்தும் தூசியும் புகையும் போக வழியில்லாமல் ஓரத்தில் வட்டம்கட்டி உட்கார்ந்துவிடும். மாமாக் கடை மேசையில் கோப்பி-ஓ சிந்திக் காய்ந்தால் நடுப்பகுதி வெளுத்து ஓரம் மட்டும் கறுத்திருக்குமே, அதே சங்கதி. துளியின் ஓரம் வேகமாகக் காய்கிறது, அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓடுகிறது, போகிற போக்கில் அழுக்கையும் இழுத்துக்கொண்டு போகிறது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை 1997-இல் நேச்சர் இதழில் விளக்கியிருக்கிறார்கள். அதே 1997-இல்தான் இந்தோனேசியக் காட்டுத்தீயின் புகைமூட்டம் நம் தலைமேல் வந்து நின்றது. அங்கிளிடம் அப்போது புரோட்டோன் வீரா.

“புகைக்கு அப்புறம் ஒரு மழை பேஞ்சுச்சு பாரு தம்பி. மறுநாள் பாத்தா காடிக்கு அம்மை போட்ட மாதிரி இருக்குலா!”

அந்த அம்மைக்கு அவர் கண்ட மருந்து வினிகர். இங்கே கொஞ்சம் தமிழ் வேலை இருக்கிறது. அகராதியில் காடி என்றால் புளித்த நீர், வினிகர். மலேசியத் தமிழனுக்குக் காடி என்றால் கார். ஆகவே அங்கிள் செய்வது காடிக்குக் காடி ஊற்றுவது. இதை அவரிடம் சொன்னேன், சிரிக்கவில்லை. “பாதிக்குப் பாதி தண்ணி கலக்கணும்” என்று மட்டும் திருத்தினார்.

வைத்தியத்தில் மனிதரைக் குறை சொல்ல முடியாது. நிழலில் நிறுத்தி, தகரம் தொட்டால் சில்லென்று இருக்கும்போது, முதலில் சோப்பு போட்டுக் கழுவுவார். பிறகு நனைத்த துணியைப் பொட்டின்மேல் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் போட்டுவைத்து, உடனே அலசிவிடுவார். புளிப்பில் சுண்ணாம்பு கரையும். காயவிட்டால் வினிகரே இன்னொரு பொட்டு. அதற்கும் மசியாததைக் களிமண் கட்டியால் உருட்டி எடுப்பார். அதற்கும் அசையாவிட்டால் காம்பவுண்ட்.

விபரீதம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வெயிலில் பலநாள் ஊறிய பொட்டு பூச்சையே அரித்துப் பள்ளமாகிவிடும். பள்ளத்தை எப்படித் துடைப்பது? சுற்றியிருக்கும் பூச்சைப் பள்ளத்தின் மட்டத்துக்குத் தேய்த்து இறக்க வேண்டும். ஒரு குழியை மறைக்க ஊரையே தோண்டுகிற காரியம். காடியின் மேல்பூச்சோ மொத்தமே 40, 50 மைக்ரான், தலைமுடியின் கனம்கூடக் கிடையாது. வீராவின் கூரை கடைசியில் பொட்டே இல்லாமல் இருந்தது உண்மை. பளபளப்பும் இல்லாமல் இருந்தது. இப்போது போர்ச்சில் நிற்கும் வெள்ளை மைவியையும் அந்த வழியில்தான் நடத்திக்கொண்டிருக்கிறார்.

வினிகரையாவது மன்னிக்கலாம், ஏர்கோன் தண்ணீரை என்ன சொல்வது? ஏர்கோன் குழாயில் சொட்டுவது காற்றின் ஈரம் குளிர்ந்து வந்த தண்ணீர், அதில் உப்பு இருக்காது, காய்ந்தால் தடமும் இருக்காது. இதை எங்கோ தெரிந்துகொண்ட நாள்முதல் கடைசி அலசல் அந்தத் தண்ணீரில்தான். ஆளே இல்லாத அறையில் ஏர்கோன் ஓடும். வெளியே வாளி நிரம்பும்.

“மனுஷனுக்கு ஃபேன், காடிக்கு ஏர்கோன்” என்பார் ஆண்ட்டி, மின்சார பில்லை விசிறியாக்கி வீசிக்கொண்டே.

2016-இல் செமினி ஆற்றில் நாற்றம் கலந்து சுத்திகரிப்பு நிலையத்தை மூடினார்களே, அப்போது தாமானே லாரித் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றது. அங்கிள் வீட்டில் நான்கு வாளி ததும்பிக்கொண்டிருந்தது. ஆண்ட்டி அதில் ஒன்றை எடுத்துப் பாத்திரம் கழுவியதை இன்றுவரை அவர் துரோகக் கணக்கில்தான் வைத்திருக்கிறார்.

இவ்வளவு பாடுபடும் காடி எங்கேதான் போகிறது? எங்கேயும் போவதில்லை. மேகம் கறுத்தால் வெளியே எடுக்க மாட்டார், வெயில் அடித்தாலும் மாட்டார். 2017 ஜூலையில் காஜாங்குக்கு எம்ஆர்டி வந்ததும் அவருக்குப் பெரிய நிம்மதி. சாத்தே வாங்கப் போவதென்றால்கூடக் குடை பிடித்து நடைதான். எண்ணெய்க் கை கதவில் படுமே என்பது கூடுதல் காரணம்.

காடி கட்டாயம் வெளியே வருவது வருஷத்துக்கு ஒருமுறை, கோயில் பூசைக்கு. போன சரஸ்வதி பூசைக்கு நானும் கூடப் போயிருந்தேன். சந்தனப் பொட்டைக் கண்ணாடியில் மட்டும் வைக்கவேண்டும் என்பதில் குருக்களோடு முன்கூட்டியே உடன்படிக்கை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்குவதில் அங்கிளுக்கு ஆட்சேபம் இல்லை, அது புளிப்பு, நம்ம கட்சி. குருக்கள் தீர்த்தச் செம்பைத் தூக்கியதும்தான் குறுக்கே பாய்ந்து ஒரு மினரல் வாட்டர் போத்தலை நீட்டினார்.

“சாமி, இதைத் தெளிங்க.”

“இது என்ன, கங்கா தீர்த்தமா?”

“ஏர்கோன்.”

குருக்கள் போத்தலைப் பார்த்தார், அங்கிளைப் பார்த்தார், பின்னால் வரிசையில் நின்ற பதினைந்து காடிகளைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மூடியைத் திருகித் தெளித்தார். மந்திரம் முடிவதற்குள் அங்கிள் துடைத்து முடித்திருந்தார்.