அடி முதலில், கதிர் பிறகு

கேள்வி: ஜெர்மனியில் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த மக்காச்சோளத்தைத் தீவன அறுவடை இயந்திரம் மளமளவென்று விழுங்குவதை வீடியோவில் பார்த்தேன். அறுபட்ட தட்டை கீழே விழாதா?

பதில்: விழ நேரம் கொடுத்தால்தானே! ஸ்டாட்லோன் ஊரின் கெம்பர் நிறுவனம் பெயர் பெற்றதே இயந்திரத்தின் முன்னால் மாட்டும் இந்த வகை முகப்பால்தான். குடைராட்டினம்போல் பெரிய உருளைகள் சுற்றும். அவற்றின் பற்களுக்கிடையே தட்டை சிக்க, அடியில் உருளைகளைவிட வேகமாகச் சுழலும் வெட்டுத்தட்டு அறுத்துவிடும். கால் போனாலும் இடுப்பைப் பிடித்த பிடி விடாது. தட்டை நின்றபடியே நடுப்பகுதிக்கு வரும். விதைத்த வரிசையைப் பார்த்து ஓட்ட வேண்டியதும் இல்லை.

நான் மிகவும் ரசிப்பது அடுத்த கணத்தை. கதிர்ப்பக்கம் முன்னால் சாய, அடித்தண்டு முதலில் உள்ளே போகும், கரும்பை அடியிலிருந்து கடிப்பவரைப் போல. தீவனத்தின் தரம் இந்த ஒழுங்கில்தான் இருக்கிறது. தட்டை நீளவாக்கில் வந்தால் கத்திகள் சீராக நறுக்கும். குறுக்கே விழுந்து வந்தால் நீள நீளத் துண்டுகள்தான். அவை தீவனத்தைப் புளிக்கவைக்கும் சைலேஜ் குழியில் இறுகாது, இடுக்கில் காற்று தங்கும், பூஞ்சணம் பிடிக்கும். மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

தட்டையைக் கத்திகளிடம் இழுக்கும் வேறு உருளைகளின் வேகத்தைக் கூட்டினால் துண்டு நீளும், குறைத்தால் குறுகும். முன்வரிசைக் கீழ் உருளைக்குள் இரும்பைக் கண்டறியும் கருவி ஒன்று உண்டு. கம்பித்துண்டு வந்தால் இழுப்பது சட்டென நின்றுவிடும். கத்தி தப்பும், மாடும் தப்பும். விழுங்கிய கம்பி வயிற்றைத் துளைத்து இதயம்வரை போகக்கூடியது. அந்தக் கருவியை அங்கே வைக்க நினைத்தவருக்கு ஒரு கும்பிடு!