பதினாறும் பெற்று…

அமெரிக்காவில் சார்ட்டர் உயர்நிலைப் பள்ளி தொடங்க நினைக்கும் பெருந்தனக்காரர்களுக்கு ஓர் இலவச ஆலோசனை. கட்டடம் அப்புறம், ஆசிரியர்கள் அப்புறம். முதலில் வாசலுக்கு ஒரு பேனர் அடித்துவிடுங்கள்: 'எங்கள் முதல் பேட்ச்சில் 100 சதவீதம் பேருக்குக் கல்லூரி அனுமதி!' நான்கு வருடம் கழித்து இந்த வாக்கியம் பொய்யாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அது பொய்யாகவே முடியாது. பிள்ளைகள் பேனருக்குப் பொருந்தாவிட்டால் பேனரையா மாற்றுவார்கள்?

சார்ட்டர் பள்ளி என்றால் அரசாங்கப் பணம், தனியார் நிர்வாகம், கட்டணம் கிடையாது, இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். 1991-இல் மினசோட்டாவில் சட்டமாகிப் பிறகு மாநிலம் மாநிலமாகப் பரவிய ஏற்பாடு. 'விதிகளிலிருந்து எங்களுக்கு விலக்குக் கொடுங்கள், பதிலுக்கு விளைவைக் காட்டுகிறோம்' என்பதுதான் ஒப்பந்தம். நியாயமான பேச்சு. எந்த விளைவை, யாரை வைத்து எண்ணிக் காட்டுவது என்கிற இடத்தில்தான் வித்தை தொடங்குகிறது.

நியூயார்க்கின் சக்சஸ் அகாடமியைப் பாருங்கள். ஈவா மாஸ்கோவிட்ஸ் 2006-இல் ஹார்லெமில் தொடங்கிய பள்ளி, இன்று பெரிய சங்கிலி. அந்த முதல் வருடம் ஒன்றாம் வகுப்பில் 73 குழந்தைகள். 2018-இல் அந்தச் சங்கிலியின் உயர்நிலைப் பள்ளியிலிருந்து முதல் பேட்ச் வெளியே வந்தது. 16 பேர். அத்தனை பேருக்கும் நான்காண்டுக் கல்லூரியில் இடம். நூற்றுக்கு நூறு! பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க என்று வாழ்த்திவிட்டு, 73-இல் 16 போனால் எத்தனை என்று ஒன்றாம் வகுப்புக் கணக்கைக் கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.

57 பேரையும் விரட்டிவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடத்தில் வீடு மாறுவார்கள், வேறு பள்ளி பிடித்துப்போகும், சிலரை அதே வகுப்பில் நிறுத்திவைத்திருப்பார்கள். ஆனால் மற்ற பள்ளிகளில் ஒருவர் போனால் இன்னொருவர் வந்து உட்காருவார். இங்கே நான்காம் வகுப்புக்கு மேல் காலியான நாற்காலிக்குப் புதுப் பிள்ளையைச் சேர்ப்பதில்லை என்பதே அன்றைய கொள்கை. வெளியே போக மட்டும் கதவு. அப்படியிருந்தால் கடைசியில் யார் மிஞ்சுவார்கள் என்று சொல்லக் கல்வியாளர் வேண்டுமா?

இதே சங்கிலியின் புரூக்ளின் ஃபோர்ட் கிரீன் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். தலைப்பு: 'போயாக வேண்டியவர்கள்'. 2015-இல் நியூயார்க் டைம்ஸ் அதை அம்பலப்படுத்தியது. பட்டியலில் இருந்த சின்னஞ்சிறுசுகள் எத்தனை பேர்? அதுவும் 16. அவர்களில் ஒன்பது பேர் பின்னர் போயே விட்டார்கள். அது ஒரு தனிமனிதத் தவறு என்றது நிர்வாகம். தலைமையாசிரியர் பத்திரிகையாளர் முன் கண்ணீர் விட்டார். நம்மூர் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

சிகாகோவுக்கு வாருங்கள். எங்கல்வுட் பகுதியில் கறுப்பினப் பையன்களுக்காக 2006-இல் தொடங்கிய அர்பன் ப்ரெப். கல்லூரிக் கடிதம் வந்ததும் பையன் தன் சிவப்பு டையைக் கழற்றிவிட்டுத் தங்கக் கோடு போட்ட டையைக் கட்டிக்கொள்வான். 2010-இல் 107 பேரும் டை மாற்றினார்கள். நாடே கைதட்டியது. எங்கல்வுட்டிலிருந்து கல்லூரிக் கடிதம் வாங்கிய ஒரு பையனின் சந்தோஷத்தைக் கேலி செய்கிறவன் மனிதனே அல்ல. என் கோபம் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் மேல். நான்கு வருடம் முன்பு நுழைந்தவர்கள் ஏறக்குறைய 150 பேர் ஆயிற்றே என்று எத்தனை பேர் கேட்டார்கள்? அந்தப் பள்ளியில் மாநிலத் தேர்வில் தேறியவர்களின் விகிதம் நகரத்தின் விகிதத்தைவிட வெகுவாகக் குறைவு என்று கல்வி வரலாற்றாசிரியர் டயான் ராவிச் அடுத்த வருடம் எழுதியபோது எந்தக் கேமராவும் ஓடவில்லை.

கடிதத்தின் மகிமையையும் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்க நான்காண்டுக் கல்லூரிகளில் பெரும்பாலானவை விண்ணப்பித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்பவை. பள்ளிப் படிப்பை முடித்த எவருக்கும் இடம் தருபவையும் உண்டு. போதாததற்கு, சில சார்ட்டர் சங்கிலிகளில் கல்லூரி அனுமதிக் கடிதம் வாங்குவதே பள்ளிப் படிப்பை முடிப்பதற்கான நிபந்தனை. கடிதம் இல்லையா, நீ முடிக்கவில்லை. முடித்தவர் எல்லோரிடமும் கடிதம் இருக்கிறது. ஆகவே நூறு சதவீதம். தாலி கட்டியவர்களை மட்டும் எண்ணிவிட்டு ஊரில் பிரம்மச்சாரியே இல்லை என்று தண்டோரா போடுவதைப் போன்றது இது. அடுத்தது உதவித்தொகைப் பெருமை. ஒரே மாணவிக்கு இருபது கல்லூரிகள் பணம் தருவதாகச் சொன்னால் இருபதையும் கூட்டி 'எங்கள் பிள்ளைகள் வென்ற கோடிகள்' என்று போடுவார்கள். அவள் சேரப்போவது ஒரு கல்லூரியில்.

சேர்ந்தால்தான் உண்டு. மே மாதம் கல்லூரி டீ-ஷர்ட் போட்டுப் படம் எடுத்துக்கொண்ட பிள்ளைகளில் பலர் செப்டம்பரில் எந்தக் கல்லூரி வாசலையும் மிதிப்பதில்லை. பத்துக்கு ஒருவர் முதல் நால்வர் வரை இப்படிக் கரைந்துபோவதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகளே இதில் அதிகம். டெபாசிட் கட்டக் காசில்லை, படிவம் நிரப்பித் தர ஆளில்லை. பள்ளியின் பேனர் அதற்குள் அச்சாகி வந்துவிட்டது.

இந்த நோய் சார்ட்டருக்கு மட்டும் சொந்தமல்ல. வாஷிங்டனின் பல்லூ என்ற சாதாரண அரசுப் பள்ளியும் 2017-இல் இதே நூறு சதவீதத்தைக் கொண்டாடியது. பட்டம் பெற்றவர்களில் பாதிப் பேர் அந்த வருடத்தில் மூன்று மாதத்துக்கும் மேல் பள்ளிக்கே வரவில்லை என்பதைச் சில மாதம் கழித்து வானொலி நிருபர்கள் தோண்டி எடுத்தார்கள். எந்த எண்ணுக்குக் கைதட்டுகிறோமோ அந்த எண்ணைச் செய்து கொடுக்க ஆள் கிடைப்பார்கள்.

நேர்மையாக எண்ண முடியாதா? முடியும். கிப் என்ற சார்ட்டர் சங்கிலி 2011-இல் தன் பழைய எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து எண்ணியது. பத்து வருடமோ அதற்கும் மேலோ முன்பு தன்னிடம் எட்டாம் வகுப்பு முடித்தவர்களில் நான்காண்டுப் பட்டம் வாங்கியவர்கள் 33 சதவீதம் என்று தானே அறிவித்தது. ஏழைப் பிள்ளைகளுக்கான தேசியக் கணக்கைவிட அது பல மடங்கு நல்ல எண். ஆனால் 33-ஐப் பேனரில் போட்டால் நன்கொடை வருமா? சார்ட்டர் பள்ளிகளுக்கு உரிமம் வழங்கும் பெரியவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்களா? அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி சின்னது: முதல் நாள் வருகைப் பதிவேட்டில் இருந்த ஒவ்வொரு பெயரும் இப்போது எங்கே? கேட்டால் விழா கெட்டுவிடும். விழாவுக்கு அழைப்பு வராது.

போனவர்கள் எங்கே போகிறார்கள் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. பக்கத்துத் தெரு அரசுப் பள்ளிக்குத்தான். அங்கே குலுக்கல் இல்லை. பிப்ரவரியில் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பட்டியல் போட முடியாது. சார்ட்டரில் 'சரிப்பட்டு வராத' பையன் இந்தப் பள்ளியின் தேர்ச்சி விகிதத்தில் ஏறி உட்காருவான். அந்த விகிதத்தைக் காட்டித்தான் இதைத் தோற்ற பள்ளி என்பார்கள். பெற்றோர் விலகுவார்கள், வகுப்பறைகள் காலியாகும். சார்ட்டர் பள்ளி வளர நகரம் தன் கட்டடத்தில் இடம் தர வேண்டும், இல்லையேல் வாடகை தர வேண்டும் என்று 2014-இல் நியூயார்க் மாநிலம் சட்டமே போட்டுவிட்டது. ஆகவே அதிகாரிகள் அளவுநாடாவோடு வருவார்கள். தோற்ற பள்ளியின் மூன்றாவது மாடியை, நூறு சதவீதம் வெற்றி பெற்றவர்களுக்கு அளந்து கொடுக்க.